பணம் இருக்கு, ஆனா ரோட்டுக்கு இல்ல

உள்ளாட்சி வரவு செலவு பத்தி என்ன சந்தேகம் இருந்தாலும் அனுப்புங்கன்னு கேட்டிருந்தோம். வந்ததுல பாதிக்கு மேல ஒரே ஆதங்கம்தான், பணம் வருதுங்கிறாங்க, எங்க போகுதுன்னு தெரியலயேன்னு. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துல கணக்குப் பிரிவுல பல வருஷம் இருந்தவன் நான், அந்த அனுபவத்துல இருந்து பதில் சொல்றேன்.

கேள்வி: ஐயா, எங்க ஊராட்சி கணக்குல லட்சக்கணக்குல பணம் இருக்குன்னு கிராம சபையில வாசிச்சாங்க. அதே கூட்டத்துல எங்க தெருவுக்கு ரோடு கேட்டா நிதி இல்லன்னு சொல்லிட்டாங்க. ரெண்டுல எது உண்மை? (வாசகர், விழுப்புரம் மாவட்டம்)

பதில்: ரெண்டுமே உண்மையா இருக்கலாம், உடனே தலைவர் மேல பாய்ஞ்சுடாதீங்க. வீட்டுல அரிசிக்கு வச்ச காசு, பசங்க பீஸுக்கு வச்ச காசுன்னு தனித்தனியா எடுத்து வைப்போம், ஒரு அவசரம்னா இதை எடுத்து அதுக்குப் போட்டுக்குவோம். ஊராட்சியில அப்படி எடுத்துப் போட முடியாது, போட்டா தணிக்கைக்கு வர்றப்போ ஆட்சேபணை எழுதிடுவாங்க, அது வருஷக்கணக்கா தீராம ஃபைல்லயே கிடக்கும்.

மத்திய நிதிக்குழு மானியத்தையே எடுத்துக்குங்க, அதாவது மத்திய அரசு வரிப்பணத்தை மாநிலத்துக்கும் உள்ளாட்சிக்கும் எப்படிப் பிரிக்கணும்னு பரிந்துரைக்கிற குழு சொல்ற பணம். 15ஆவது நிதிக்குழு 2021-22ல இருந்து 2025-26 வரைக்கும் அஞ்சு வருஷத்துக்கு நாடு முழுக்க கிராமப்புற உள்ளாட்சிகளுக்குன்னு சொன்ன தொகை 2,36,805 கோடி ரூபா. கேக்கும்போது பெரிய தொகைதான், ஆனா அந்த அஞ்சு வருஷத்துல ஒரு ஊராட்சிக்கு 100 ரூபா வந்தா 60 ரூபாய்க்கு ஏற்கனவே வேலை எழுதி வச்சுட்டாங்க. 30 ரூபா குடிநீர், மழைநீர் சேகரிப்பு மாதிரி வேலைக்கு, இன்னொரு 30 ரூபா சுகாதாரத்துக்கு, கழிப்பறை, குப்பை, கழிவுநீர் இதுக்கெல்லாம். இதைத்தான் ஆபீஸ்ல டைடு கிராண்ட்னு சொல்லுவோம். மிச்சம் 40 ரூபா அன்டைடு, அதுல ஊருக்கு எது அவசியமோ அதைச் செய்யலாம், உங்க ரோடு அதுலதான் வரணும், ஆனா அதுலயும் சம்பளம், ஆபீஸ் செலவு எடுக்கக்கூடாதுன்னு கண்டிஷன். அதனால உங்க கிராம சபையில வாசிச்ச லட்சத்துல பெரும்பங்கு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் கட்டுப்பட்ட பணமா இருந்திருந்தா ரோட்டுக்கு இல்லன்னு சொன்னது பொய் கிடையாது.

இப்படிக் கட்டிப்போட்டது சரியான்னு என்னைக் கேட்டா, பாதி சரின்னுதான் சொல்லுவேன். ஏன்னா கட்டு இல்லாத காலத்துல எத்தனையோ இடத்துல வந்த பணம் பூரா சிமெண்ட் ரோடாத்தான் போச்சு, ரோடுன்னா கண்ணுக்குத் தெரியும், எஸ்டிமேட் போடுறது சுலபம், ஒப்பந்தக்காரர் உடனே கிடைப்பாரு, ஆனா அந்த ரோட்டுலயே பொம்பளைங்க குடத்தைத் தூக்கிட்டு தண்ணிக்கு நடந்துக்கிட்டு இருப்பாங்க. தண்ணிக்குன்னு தனியா ஒதுக்கினதால நல்லது நடந்திருக்கு, அதை நான் பாத்திருக்கேன். ஆனா மலையடிவார ஊருக்கும், கடலோர ஊருக்கும், டெல்டா ஊருக்கும் ஒரே 30, 30 எப்படிப் பொருந்தும்? ஊருக்கு என்ன வேணும்னு ஊர்தான் முடிவு பண்ணணும்னு அரசியல் சட்டத்தோட 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல்லயே வந்து, பதினோராவது அட்டவணையில 29 துறையை எழுதி வச்சாச்சு. அந்த 29ல ரெண்டு மூணை மட்டும் மேல இருந்து தேர்ந்தெடுத்து அனுப்புறது எனக்கு இன்னும் உறுத்தலாத்தான் இருக்கு.

ஒரு வழி இருக்கு, நிறைய தலைவருங்களுக்கே இது தெரியாது. குடிநீர், சுகாதாரம் ரெண்டுல ஒண்ணுல ஊரோட தேவை முழுசா தீந்துடுச்சுன்னா, அந்தப் பங்கை இன்னொண்ணுக்கு மாத்திக்கலாம்னு 15ஆவது நிதிக்குழுவே சொல்லியிருக்கு, கிராம சபை அதை உறுதிப்படுத்தணும், மேல இருக்குற அதிகாரி ஒப்புக்கணும், அவ்வளவுதான். ரோட்டுக்கு மாத்த முடியாது, ஆனா கழிவுநீர் வாய்க்காலுக்குப் பணம் இல்லாம நிக்கிற ஊருக்கு இது பெரிய உதவி.

மாநிலத்துல இருந்து வர்ற பணம் தனி. தமிழ்நாட்டோட சொந்த வரி வருவாய்ல 10 சதவீதத்தை மாநில நிதிக்குழு பரிந்துரைப்படி எல்லா உள்ளாட்சிக்கும் பிரிச்சுக் கொடுக்குறாங்க, எஸ்.எஃப்.சி. மானியம்னு சொல்லுவாங்க. கையில வந்ததும் முதல் வேலை கரண்ட் பில், அடுத்தது டேங்க் ஆபரேட்டர் சம்பளம், ப்ளீச்சிங் பவுடர், பல்பு, மோட்டார் ரிப்பேர். மாசக் கடைசியில பாத்தா சின்ன ஊராட்சியில மிஞ்சுறது ரொம்பக் கம்மி. ஆக யாரையும் கேக்காம ஊரே முடிவெடுத்துச் செலவு பண்ற பணம்னு பாத்தா வீட்டு வரி, தண்ணிக் கட்டணம், தொழில் வரி, ஏரி மீன் குத்தகை, இப்படிச் சொந்தமா வர்றதுதான். உங்க தெரு ரோடு சீக்கிரம் வரணும்னா இந்தப் பணமும் அந்த அன்டைடு பணமும்தான் வழி, அதனால அடுத்த கூட்டத்துல மொத்தம் எவ்வளவுன்னு கேக்காதீங்க, அன்டைடுல எவ்வளவு, வரி, கட்டணம் எல்லாம் வந்து சேர்ற பொது நிதியில எவ்வளவுன்னு பிரிச்சுக் கேளுங்க.

கேள்வி: 2022ல சொத்து வரியை ஒரேடியா ஏத்தினாங்க. நகராட்சியில கேட்டா மாநில அரசுன்னாங்க, மாநில அரசு மத்திய நிதிக்குழுன்னாங்க. நிஜமா ஏத்துனது யாரு சார்? (வாசகர், நாமக்கல் மாவட்டம்)

பதில்: மூணு பேருக்கும் அதுல பங்கு இருக்கு. நகர்ப்புற உள்ளாட்சிக்கு மானியம் வேணும்னா சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை மாநிலம் அறிவிக்கணும், அப்புறம் வசூலும் மாநில உற்பத்தி வளர்ச்சிக்கு ஏத்த மாதிரி வருஷா வருஷம் கூடிட்டே வரணும்னு 15ஆவது நிதிக்குழு கண்டிஷன் போட்டது நிஜம். ஆனா எந்த வீட்டுக்கு எத்தனை சதவீதம்னு நிதிக்குழு சொல்லல. 25 சதவீதத்துல ஆரம்பிச்சு 150 சதவீதம் வரைக்கும் படி போட்டது மாநில அரசு, 600 சதுர அடிக்குக் கீழ உள்ள வீட்டுக்கு 25ன்னு வச்சு பெரிய வீட்டுக்கும் கடைக்கும் அதிகமா வச்சாங்க, அந்தப் பிரிவினை நியாயமானதுன்னுதான் நான் நினைக்கிறேன்.

நகராட்சி மன்றத்தோட நிலைமைதான் பாவம். 2022 பிப்ரவரி 19ல தேர்தல் நடந்து, மார்ச்ல பதவியேத்து, ஏப்ரல் தொடக்கத்துலயே இந்த அறிவிப்பு வந்துடுச்சு. வார்டு மக்கள்கிட்ட ஓட்டுக் கேட்டு வந்து சீட்டுல உக்காந்த கவுன்சிலருங்க முதல்ல கை தூக்கின பெரிய தீர்மானமே வரி ஏத்துற தீர்மானம். வேண்டாம்னு சொன்னா மானியம் நின்னுடும், சரின்னு சொன்னா வார்டுல தலைகாட்ட முடியாது.

இந்த அடி இவ்வளவு பலமா விழுந்ததுக்கு வேற காரணமும் இருக்கு. சென்னையில 1998க்கு அப்புறமும் மத்த நகரங்கள்ல 2008க்கு அப்புறமும் சொத்து வரியை ஒழுங்கா சீரமைக்கவே இல்ல, 2018ல ஏத்திட்டு 2019 நவம்பர்ல அதையும் நிறுத்தி வச்சாங்க. எந்தக் கட்சி ஆட்சியா இருந்தாலும் தேர்தல் பக்கத்துல இருக்கு, அப்புறம் பாத்துக்கலாம்னு தள்ளினதுதான், அந்தத் தள்ளினது எல்லாம் சேந்து ஒரே வருஷத்துல உங்க வீட்டு வாசலுக்கு வந்துச்சு. அதுக்குப் பதிலா இப்ப வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா கூட்டுறதுன்னு விதியாக்கி, 2024ல 6 சதவீதம் ஏத்தினாங்க, கசப்பா இருந்தாலும் இந்த முறை பரவால்ல, குடும்பம் முன்கூட்டியே கணக்குப் போட்டு வச்சுக்கலாம்ல. அரையாண்டு ஆரம்பிச்ச முதல் 30 நாளைக்குள்ள கட்டினா 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபா வரைக்கும் தள்ளுபடி உண்டு, ஏப்ரல்லயும் அக்டோபர்லயும் மறக்காம கட்டிடுங்க.

கேள்வி: எங்க டவுன்ல ரயில்வே இடம், தபால் ஆபீஸ்னு மத்திய அரசு கட்டிடம் நிறைய இருக்கு. அவங்க சொத்து வரி கட்டுறாங்களா? (வாசகி, விருதுநகர் மாவட்டம்)

பதில்: சொத்து வரி கிடையாதும்மா. மத்திய அரசு சொத்துக்கு உள்ளாட்சி வரி போடக்கூடாதுன்னு அரசியல் சட்டத்தோட 285ஆவது பிரிவு சொல்லுது. ஆனா தண்ணி, குப்பை, சாக்கடை, லைட்டுன்னு நகராட்சி செய்யுற சேவைக்கு சர்வீஸ் சார்ஜ் வாங்கலாம். 2009ல ராஜ்கோட் மாநகராட்சி வழக்குல உச்ச நீதிமன்றம் இதுக்குக் கணக்கே சொல்லிடுச்சு, சேவையை முழுசா வாங்கினா சொத்து வரியில 75 சதவீதம், பாதி வாங்கினா 50, எதுவுமே வாங்கலன்னாலும் மூணுல ஒரு பங்கு. உங்க நகராட்சி இதைக் கேட்டு வாங்குதா, எத்தனை வருஷம் பாக்கின்னு கவுன்சிலர்கிட்ட கேளுங்க. கேட்டு லெட்டர் போடாததாலயே வராம நிக்கிற பணம் இது.

கேள்வி: ஜி.எஸ்.டி. வந்ததுல உள்ளாட்சிக்கு லாபமா நஷ்டமா? (கல்லூரி மாணவர், திருச்சி)

பதில்: தம்பி, நேரடியாப் பாத்தா நஷ்டம்தான். 2017 ஜூலை 1க்கு முன்னாடி விளம்பர வரி போடுற அதிகாரம் இருந்துச்சு, அந்த அதிகாரத்தையே அரசியல் சட்டத்துல இருந்து எடுத்துட்டாங்க. கேளிக்கை வரியை உள்ளாட்சி போட்டா மட்டும் செல்லும்னு விட்டு வச்சாங்க, தமிழ்நாடு அதுக்குன்னு தனிச் சட்டம் போட்டுச்சு, ஜி.எஸ்.டி.க்கு மேல இதுவுமான்னு 2017 ஜூலை முதல் வாரத்துல தியேட்டரை எல்லாம் மூடிப் போராட்டம் பண்ணாங்களே, அது இதுக்குத்தான். ஜி.எஸ்.டி.யில உள்ளாட்சிக்குன்னு தனிப் பங்கு எதுவும் கிடையாது, மாநிலத்துக்கு வர்ற பங்கு அதோட சொந்த வரியில சேந்து, அதுல 10 சதவீதம்னு சுத்தி வரணும். முன்னாடி பஸ் ஸ்டாண்டுல போர்டு வச்சவன்கிட்ட நேரா போய் ரசீது போட்டு வாங்கினது, இப்ப சென்னை வழியா வருது.

தொழில் வரியையும் சொல்லிடுறேன். ஒருத்தர்கிட்ட வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல வாங்கக்கூடாதுன்னு அரசியல் சட்டத்தோட 276ஆவது பிரிவுல இருக்கு. இந்த வரம்பு வச்சது 1988ல. அன்னைக்கு சம்பளம் என்ன, விலைவாசி என்ன, இன்னைக்கு என்ன? மாசம் பல லட்சம் வாங்குறவரும் அதே 2,500தான். உள்ளாட்சியே நினைச்சாலும் மாநிலமே நினைச்சாலும் ஏத்த முடியாது, நாடாளுமன்றம்தான் திருத்தணும். சொந்தக் கால்ல நில்லுன்னு எல்லா நிதிக்குழுவும் அறிவுரை சொல்லுது, நிக்கிறதுக்கு இருக்குற காலை இப்படிக் கட்டி வச்சிருக்கோம்.

கேள்வி: தேர்தல் நடத்தாம தனி அலுவலர் பாத்துக்கிட்டா மத்திய அரசுப் பணம் நின்னுடும்னு சொல்றாங்களே, நிஜமா? (முன்னாள் வார்டு உறுப்பினர், புதுக்கோட்டை மாவட்டம்)

பதில்: நிஜம். நிதிக்குழு மானியம் முறையா தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிக்குத்தான். நம்ம மாநிலம் இதை அனுபவிச்சே பாத்துடுச்சு, 2016 அக்டோபர்ல பதவிக்காலம் முடிஞ்சுது, அறிவிச்ச தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து பண்ணிச்சு, அதுக்கப்புறம் வழக்கு, வார்டு மறுவரையறைன்னு இழுத்து ஊரகத் தேர்தல் நடந்தது 2019 டிசம்பர் 27, 30லதான், அதுவும் எல்லா மாவட்டத்துலயும் நடக்கல, மிச்சம் ஒன்பது மாவட்டத்துக்கு 2021 அக்டோபர் ஆச்சு. நகர்ப்புறத்துக்கு 2022. அந்த இடைவெளியில மத்திய மானியம் நின்னு போனதை மாநிலமே வெளிப்படையா சொல்லி டெல்லிக்கு நடந்துச்சு. 2019ல தேர்வானவங்களோட பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஓட முடிஞ்சு மறுபடி தனி அலுவலர் வந்தாங்க.

தனி அலுவலருன்னா பெரும்பாலும் வட்டார வளர்ச்சி அலுவலர், அதாவது பி.டி.ஓ.தான். அவர் கெட்டவர்னு நான் சொல்லவே மாட்டேன், அந்த ஆபீஸ்ல கூடவே இருந்தவன் நான். ஒரே ஆள் ஒன்றியத்துல இருக்குற அத்தனை ஊராட்சிக்கும் தலைவர்னா அவரும் மனுஷன்தானே, எத்தனை ஊரு மோட்டாருக்கு ஓடுவாரு? தலைவர் இருந்தா ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டி தண்ணி வரலன்னு சொல்லலாம். அஞ்சு வருஷம் முடியுறதுக்கு முன்னாடியே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்கணும்னு அரசியல் சட்டம் 243-இ தெளிவா சொல்லுது, சட்டசபைத் தேர்தலைத் தள்ளிப் போட்டா நாடே கொந்தளிக்கும், பஞ்சாயத்துத் தேர்தல் வருஷக்கணக்காத் தள்ளிப் போனா யாரும் பெருசா பேசுறதில்ல, இது எனக்கு ரொம்ப வருத்தம்.

கேள்வி: வீட்டுக்கு வீடு குழாய் மத்திய அரசு திட்டம்தானே அண்ணா, அப்புறம் ஊராட்சி ஏன் மாசா மாசம் தண்ணிக் காசு கேக்குது? (வாசகி, தர்மபுரி மாவட்டம்)

பதில்: தங்கச்சி, குழாய் போட்டுக் கொடுக்குறது வேற, அதுல தினமும் தண்ணி விடுறது வேற. ஜல் ஜீவன் திட்டம் 2019 ஆகஸ்ட் 15ல அறிவிச்சது, நம்ம மாநிலத்துல செலவை மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதி போட்டுக்குறாங்க, ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர்னு கணக்கு. கட்டுமானம் முடிஞ்சதும் ஊராட்சிகிட்ட ஒப்படைச்சுடுவாங்க. அன்னையில இருந்து கரண்ட் பில், ஆபரேட்டர் சம்பளம், குளோரின், உடைஞ்ச வால்வு எல்லாம் ஊராட்சி தலையில.

நான் வேலை பாத்த காலத்துல ஒரு ஊராட்சி, பேரு வேண்டாம், மேல்நிலைத் தொட்டி புதுசு, பைப் லைன் புதுசு, பாக்கவே அழகா இருக்கும். கோடையில மோட்டார் காயில் கருகிடுச்சு. ரீவைண்டிங் பண்ணப் பொது நிதியில காசு இல்ல, டைடுல எடுக்கலாம்னா அந்தத் தவணை இன்னும் வரல. பதினோரு நாள் அந்த ஊரு பக்கத்து ஊருக்கு சைக்கிள்ல குடம் கட்டிட்டுப் போச்சு. தண்ணிக் கட்டணப் பதிவேட்டை எடுத்துப் பாத்தா பாதிப் பேரு கட்டவே இல்ல, இலவசம்னு யாரோ சொல்லி வச்சிருக்காங்க. இதை நினைச்சா இன்னைக்கும் மனசு கனக்குது, ஏன்னா கட்டாம விட்டவங்களுக்கும் கஷ்டம்தான், கட்டினவங்களும் அதே வெயில்ல நடந்தாங்க.

அதனால கட்டிடுங்க, ரசீது கேட்டு வாங்குங்க. அதே சமயம் கட்ட முடியாத வீடுகளுக்கு என்ன வழின்னு கிராம சபையில எழுப்புங்க, அந்த உரிமை உங்களுக்கு இருக்கு. ஸ்மார்ட் சிட்டி திட்டத்துலயும் இதே கதைதான், மத்திய அரசு ஒரு நகரத்துக்கு 500 கோடி, அதே அளவு மாநிலமும் உள்ளாட்சியும் சேந்து போடணும்னு 2015ல ஆரம்பிச்சு தமிழ்நாட்டுல 11 நகரம் எடுத்தாங்க, கட்டினதைப் பராமரிக்கிற செலவு இப்ப மாநகராட்சிங்க பட்ஜெட்டுலதான் உக்காந்திருக்கு.

கேள்வி: எங்க ஊராட்சியை மாநகராட்சியோட சேக்கப் போறாங்களாம். நூறு நாள் வேலை போயிடுமா? (வாசகி, மாவட்டம் வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க)

பதில்: போயிடும்மா, மறைச்சு என்ன ஆகப் போகுது. அந்தத் திட்டம் ஊரகப் பகுதிக்கு மட்டும்தான். அதுக்குப் பதிலா 2025 டிசம்பர்ல நாடாளுமன்றத்துல நிறைவேறின புதுச் சட்டத்துலயும் நாளு 125ன்னு கூட்டியிருக்காங்க, ஆனா அதுவும் கிராமத்துக்குத்தான். பழைய சட்டத்துல உடலுழைப்புக் கூலி முழுக்க மத்திய அரசு கொடுக்கணும், அப்பவே 2025 ஜனவரியில 1,056 கோடி கூலி பாக்கின்னு முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதுற நிலைமை. புதுசுல நம்ம மாதிரி மாநிலங்களுக்கு 60க்கு 40, மாநிலம் 40 போடணும். அந்த 40க்கு மாநிலம் எங்கயாவது கை வைக்கணும், உள்ளாட்சிப் பங்குல வச்சிடக்கூடாதேன்னு எனக்கு பயம் இருக்கு.

சேத்தா வரியும் கூடும், அதுக்குப் பதிலா பாதாளச் சாக்கடை, குப்பை வண்டி, தெரு லைட்டு எப்ப வரும்னு தேதியோட எழுதிக் கேளுங்க. சேக்குறதுக்கு முன்னாடி ஆட்சேபணை சொல்ல அவகாசம் கொடுப்பாங்க, கிராம சபைத் தீர்மானமா, வேலை அட்டை வச்சிருக்குற வீடு எத்தனைங்கிற கணக்கோட கொடுங்க, வெறும் கோஷத்தை விட அந்த நம்பருக்கு மதிப்பு அதிகம்.

கேள்வி: கணக்கை நாங்களே பாக்க முடியுமா? (பல வாசகர்கள்)

பதில்: முடியும். மானியம் வேணும்னா போன வருஷத்தோட தற்காலிகக் கணக்கும் அதுக்கு முந்தின வருஷத்தோட தணிக்கை முடிஞ்ச கணக்கும் ஆன்லைன்ல பொதுமக்கள் பாக்குற மாதிரி இருக்கணும்னு நிதிக்குழுவே கண்டிஷன் வச்சிருக்கு. மத்திய அரசோட இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்துல மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சின்னு தேர்ந்தெடுத்தா உங்க ஊரு ரசீது, செலவு, வேலைத் திட்டம் வரும். செல்போன்லயே பாக்கலாம், படிச்ச பசங்களை உக்கார வச்சுப் பாருங்க.

நேர்ல கேக்குறதுக்கு கிராம சபை வருஷத்துக்கு ஆறு நாள் இருக்கு, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. போறப்போ வீட்டு வரி கேட்பு, அதாவது வர வேண்டிய தொகை எவ்வளவு, வசூல் எவ்வளவு, கரண்ட் பில் பாக்கி எவ்வளவுன்னு கேட்டு எழுதிட்டு வாங்க. அந்த மூணு நம்பரையும் எங்களுக்கு அனுப்பினா உங்க ஊரு கணக்கை வச்சே அடுத்த இதழ்ல பதில் எழுதுறேன், ஊரு பேரு வெளியில வராது.